அப்பா எடுக்காத பதினோரு அழைப்புகள்

என் அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. காஞ்சிபுரத்தில் குடிநீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் அரசு வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். அவர் பெயர் ஊரில் பலருக்குத் தெரியாது. தண்ணிக்காரர் என்றால் தெரியும். அவர் பெயருக்கு ஒரு கறை உண்டு. அவருடைய அலட்சியத்தால் ஓர் உயிர் போயிற்று என்று அலுவலகக் காகிதத்திலேயே இருக்கிறது. அந்தக் கறை என்னால் வந்தது. அவர் உயிரோடு இருந்தவரை இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா முசரவாக்கத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்தவர்கள். கோடையில் காலனி அடிபம்பு வற்றிவிட்டால் யாராவது ஒருவருடைய பம்புசெட்டுக்குப் போய் ஓரமாக நிற்க வேண்டும். மேலே இருந்து ஊற்றுவார்கள், கையை ஏந்திக் குடிப்போம் என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு ஏதோ பாடத்தில் சந்தேகம் வந்து கேட்டபோது பேச்சுவாக்கில் வந்தது. அதனால்தான் அவர் வேலையில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்று நான் சொன்னால் ஒப்புக்கொள்ளவும் மாட்டார். வேலைன்னா வேலைதாம்மா என்பார்.

விடியற்காலை நான்கு மணிக்கு மொபெட்டின் பக்கவாட்டில் நீளமான இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். தெருமுனையில் தரைக்கடியில் இருக்கும் வால்வை அந்தச் சாவியை இறக்கித் திருக வேண்டும். எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்பது அவருக்கு மனப்பாடம். கூடச் சுற்றினால் மேட்டுத் தெருவுக்கு ஏறாது, குறைத்தால் கடைசி வீட்டுக்குப் போகாது. எங்கள் தெருவுக்கு ஒரு நிமிடம்கூட முன்னால் திறந்துவிட்டதில்லை. அம்மா அதற்காகவே எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறார்.

அம்மாவுக்கு வாதம். கைவிரல் மூட்டெல்லாம் வீங்கிக்கொள்ளும். அப்பா ஒன்பதரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் துணி துவைப்பார், காய் நறுக்குவார், அம்மாவுக்குத் தலை வாரிவிடுவார். பள்ளிக்கூடம் போகும் வயதில் எனக்கும் அவர்தான் காலை வேலைக்கு நடுவே வந்து பின்னல் போட்டார். இடது பின்னல் எப்போதும் கொஞ்சம் இறுகியிருக்கும். புடவை துவைக்கிற ஆம்பளை என்று தெருவில் கேலி செய்தால் சிரித்துக்கொண்டே அடுத்த புடவையைப் பிழிவார். நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது, வால்வு திறக்கிற வேலைக்கு நடுவே ஓடி வந்து என்னைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பவும் ஓடுவார்.

இவ்வளவும் செய்தவர்மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. எல்லாம் அந்த போனால்தான். அவருடைய நம்பர் பாதி ஊரின் குழாயடிச் சுவர்களில் கரிக்கட்டியால் எழுதியிருந்தது. என் மஞ்சள் நீராட்டு அன்று பாதியில் எழுந்து போனார். என் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும் நேரத்தில் எங்கோ மெயின் பைப் வெடித்துவிட்டது என்று போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர் முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றபோது என் மாமியார் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் போனை வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எட்டு மணி நேரம் போன் இல்லாமல் உலகம் ஒன்றும் நின்றுபோகவில்லையே, இவருக்கு மட்டும் என்ன என்று நினைத்துக்கொள்வேன்.

என் மகனுக்கு ஒரு வயது ஆனபோது மொட்டை போட்டுக் காது குத்த நாள் பார்த்தோம். எங்கள் குலதெய்வக் கோயில் திருமுக்கூடல் பக்கம் ஆற்றோரத்தில் இருக்கிறது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். நான் ஒரே பிள்ளை. அதனால் அப்பாவின் மடியில் வைத்துக் குத்துவது என்று இரண்டு வீட்டிலும் பேசி முடிவு செய்தார்கள். அப்பா இதற்காகவே பட்டுக்கரை போட்ட வேட்டி ஒன்று வாங்கினார்.

அதற்கு மூன்று நாள் முன்னால் நெசவாளர்கள் இருக்கும் தெரு ஒன்றில் கேபிள் புதைக்கப் பள்ளம் தோண்டிய கான்ட்ராக்டர் ஆட்கள், சாக்கடைக் குழாயை இடித்து உடைத்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாய்க்கு ஒரு முழம் தள்ளி. அப்பா போய்ப் பார்த்து, சரிசெய்துவிட்டு மூடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் பார்த்தால் மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். சரி செய்தாயிற்று என்றார்கள். அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. விழா நாளில் அந்தத் தெருவுக்கு ஒன்பது மணிக்குத் தண்ணீர். அப்பா லீவு போடவில்லை, அரைநாள் அனுமதி மட்டும் வாங்கினார். போன்ல இருப்பேன் சார் என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, அவருக்குப் பதிலாக வால்வு திறக்கப்போகும் தற்காலிக ஊழியரிடம், முதல் தண்ணீரை மோந்து பார், சந்தேகமாக இருந்தால் உடனே எனக்கு போன் பண்ணு என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று தெரியாது. ஆனால் தெரிந்திருந்தாலும் போனைக் கொடுத்திருப்பேனா என்று கேட்டால், கொடுத்திருப்பேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை.

மொட்டை போடுகிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். போனை என்னிடம் நீட்டினார்.

"வெச்சிக்கமா. அடிச்சா குடு."

கத்தி தலையில் பட்டதும் குழந்தை வீறிட்டான். அதே நேரம் போன் அடித்தது. திரையில் அந்தத் தற்காலிக ஊழியரின் பெயர். கட் செய்தேன். மறுபடி அடித்தது. மறுபடியும் கட் செய்தேன். பிறகு சத்தம் வராதபடி செய்து, பையில் குழந்தையின் துண்டுகளுக்கு அடியில் வைத்தேன். இந்த ஒரு நாள் இவர் எங்களுக்கு என்று நினைத்தேன். என் மாமியார் எதிரே நின்றுகொண்டிருந்தார். அதுவும் ஒரு காரணம்.

காது குத்தி முடிந்து, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அப்பா என் பக்கம் வந்தார்.

"போன் ஏதாச்சும் அடிச்சுதாமா?"

"இல்லப்பா."

"நல்லதா போச்சு," என்று சொல்லி உட்கார்ந்தார். அடித்தால் நான் கொடுப்பேன் என்று போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று அவர் பந்தியில் இரண்டு தரம் கறிக்குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். சம்பந்தியோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டார். பேரனை ஆற்று மணலில் நிற்கவைத்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நடக்கவிட்டார். அவன் முதல்முதலாக நான்கு அடி வைத்தது அங்கேதான். எழுந்து ஓடாத அப்பாவை நான் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். என் வாழ்க்கையின் மிக நல்ல நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும். சொல்ல வாய் கூசுகிறது.

சாயங்காலம் வேனில் வீடு வந்து சேர்ந்த பிறகு போனை எடுத்துக் கொடுத்தேன். பதினோரு அழைப்புகள். நான்கு அந்த ஊழியரிடமிருந்து, மற்றதெல்லாம் அந்தத் தெருக்காரர்கள். அப்பா போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புது வேட்டியோடு அப்படியே மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

நடந்தது இதுதான். வால்வைத் திறந்ததும் தண்ணீர் நாற்றமடித்திருக்கிறது. அந்த ஊழியர் மூடலாமா என்று கேட்க அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். சொந்தப் பொறுப்பில் மூடப் பயம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்த மாதிரி தெரிந்தது, விட்டுவிட்டார். ஜனங்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அப்பா போய் வீடு வீடாகக் கதவைத் தட்டி, கொட்டிவிடுங்கள், குடிக்காதீர்கள் என்று சொல்லும்போது பொழுது இறங்கிவிட்டது. அதற்குள் பலர் குடித்திருந்தார்கள்.

மறுநாளிலிருந்து தெருவில் பாதி வீடுகளில் வாந்தி, வயிற்றுப்போக்கு. பிள்ளைகள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேறி வந்தார்கள். ஒரு நெசவாளரின் மனைவி மட்டும் தேறவில்லை. சர்க்கரை நோய்க்காரர். நான்காம் நாள் போய்விட்டார்.

அந்த அம்மாவை எனக்கும் தெரியும். தெலுங்கு பேசுகிற குடும்பம். புருஷன் தறியில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நெசவுக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருப்பார். வீட்டுக்காரரிடம் தெலுங்கு, அப்பாவிடம் தமிழ். தண்ணீர் நாளில் வால்வைத் திறந்துவிட்டு வரும் அப்பாவுக்குத் தங்கள் வீட்டு டம்ளரிலேயே காபி கொடுப்பார். வேறு வீடுகளில் அவருக்கென்று தனி டம்ளர் வைத்திருந்த காலத்திலேயே அப்படித்தான் கொடுத்தார் என்று அப்பா ஒருமுறை சொன்னார்.

அப்பா அந்த அம்மாவின் சாவுக்குப் போனார். அந்த நெசவாளர் வாசலில் எழுந்து வந்து, உள்ள வராத, போயிடு என்றாராம். அப்பா தெருமுனை வரை திரும்பி வந்து, ஊர்வலம் போகும் வரை அங்கேயே நின்றிருக்கிறார்.

விசாரணை வந்தது. போனில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்கள். அப்பா எழுதிக் கொடுக்கும் பதிலை நான் பார்த்தேன். கைபேசியைப் பையில் வைத்துவிட்டுக் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று எழுதியிருந்தார். அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம். நான் அவர் எதிரே போய் நின்று, அப்பா, நான் ஆபீசுக்கு வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். அவர் காகிதத்தை மடித்துக் கவரில் போட்டார்.

"போன உங்கிட்ட குடுத்தது யாரு?"

"நீங்கதாம்பா."

"டூட்டி போன் அது. என் கைய வுட்டு நான் குடுத்திருக்கக் கூடாது. அப்ப தப்பு என்னுதுதான். நீ வாயத் தொறந்தா உன் மாமியார் வூட்ல உனுக்கு ஆயுசுக்கும் பேச்சு. அந்தம்மா திரும்பி வரப் போறாங்களா?"

நான் அழுதேன். ஆனால் அந்த அழுகையில் பாதி நிம்மதி. அதைத்தான் இத்தனை வருடமாக என்னால் தாங்க முடியவில்லை. வேண்டாம் என்று அவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் நான் அவரிடம் போயிருக்கிறேன். இல்லாவிட்டால் நேராக அலுவலகத்துக்குப் போயிருப்பேன்.

குற்றச்சாட்டு உறுதியானது. அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அவருக்கு மேலே போனார்கள். அவர் கடைசி வரை அதே சாவியோடுதான் போய்வந்தார்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது என் கணவர், மாமா இவ்வளவு அலட்சியமாக இருந்திருக்கக் கூடாது என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வருத்தத்தில்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். சும்மா இருந்திருக்கலாம், ஆனால் தலையாட்டினேன். அம்மா அப்பாவைத் திட்டும்போதெல்லாம் பொறுப்பில்லாத மனுஷன் என்ற வார்த்தை வந்துவிடும். முன்பு அந்த வார்த்தை எங்கள் வீட்டில் இருந்ததில்லை. நான் அங்கே இருந்தால் அப்பா என் பக்கம் திரும்பவே மாட்டார். பார்த்தால் நான் உடைந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, அந்தத் தெருவின் தண்ணீர் நாளில் வேறு யாரையும் அவர் வால்வு திறக்கவிடவில்லை. திறந்துவிட்டு முதல் குழாய்க்குப் போய், எல்லார் கண்ணெதிரிலும் இரண்டு கை அள்ளிக் குடிப்பார். கொஞ்ச நேரம் நிற்பார். பிறகுதான் பிடித்துக்கொள்ளச் சொல்வார். நாளாக நாளாகத் தெருக்காரர்கள் அவரிடம் பேசத் தொடங்கினார்கள். அந்த நெசவாளர் மட்டும் பேசவில்லை. அப்பா வரும் நேரம் கதவைச் சாத்திக்கொள்வாராம்.

ஓய்வு பெற்று மூன்றாம் வருடம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தார். அம்மா டீ குடிக்க வெளியே போனதும் நான் அந்தப் பேச்சை எடுத்தேன். இப்போதாவது எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் அப்பா என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"வுடுமா. கொயந்தைக்குக் காது குத்தினமே, அன்னிக்கி நல்லா சாப்ட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையிலேயே அந்த நாள் அவருக்கும் பிடித்திருந்ததா என்று கேட்க நேரம் கிடைக்கவில்லை.

அப்பாவின் சாவுக்கு அந்தத் தெருவிலிருந்து நாற்பது ஐம்பது பேர் மாலையோடு வந்தார்கள். நான் ஒரே ஒரு முகத்தைத் தேடினேன். அவர் வரவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த நெசவாளர் வீட்டுக்கு நானே போனேன். வயதாகிவிட்டது, இன்னமும் நெய்கிறார். தண்ணிக்காரர் மகள் என்று சொன்னதும் காலைத் தறியின் மிதிபலகையிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போன் அடித்தது, நான் கட் செய்தது, அப்பா கேட்டது, நான் பொய் சொன்னது. அவர் தறியில் விரித்திருந்த பாவு நூலின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எதிர்ல நின்னுக்கினு தண்ணி குடிப்பாரு உங்க நைனா. ஜன்னல் வழியா பாப்பேன். நடிக்கிறாருன்னு நெனச்சேன். செத்தாருன்னு சொன்னாங்க, அப்பகூட நான் வரல. இத்தினி வருஷம் அவர் மேல வெச்சிருந்த கோவத்த நான் இப்ப எங்க கொண்டு போய் வெக்கிறது, சொல்லு."

என்மேல் வையுங்கள் என்று சொல்ல வந்தேன். அது நாடக வசனம் மாதிரி இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவர், உங்கள் அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"மொதல்ல அங்கதான சொல்லியிருக்கணும்?" என்று சொல்லிவிட்டுத் தறிப்பக்கம் திரும்பிக்கொண்டார். போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. நான் வந்துவிட்டேன்.

அன்று மத்தியானமே அம்மாவிடம் சொன்னேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும், உன் அப்பாவை நான் என்னவெல்லாம் பேசினேன் என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். எந்த வருடம், என்ன காரணத்துக்கு, என்ன வார்த்தை என்று ஒவ்வொன்றாக. அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. நான் போதும் அம்மா என்று அவர் கையைப் பிடித்தேன். அம்மா கையை விடுவித்துக்கொண்டார். உன் வீட்டுக்காரரிடமும் சொல், அவரும் ஒரு வார்த்தை சொன்னவர்தானே என்றார்.

சொன்னேன். என் கணவர் கோபப்படவில்லை. அன்று நான் தலையாட்டியது அவருக்கும் நினைவிருக்கிறது என்று மட்டும் சொன்னார். மாமியாரிடம் அவரே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். இன்னும் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அம்மா, அந்த நெசவாளர் வீட்டுக்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். ஆட்டோ வைத்துப் போனோம். வாசல் படி ஏற அம்மாவைத் தாங்கிப் பிடித்தேன். படி ஏறியதும் அம்மா நின்றார்.

"நீ வெளியவே இரு," என்றார்.

எதிர்வீட்டு நிழலில் நின்றேன். உள்ளே தறிச் சத்தம் நின்றது. அரைமணி நேரத்துக்கு மேல் இருக்கும். யாரோ அழுகிற மாதிரி ஒருமுறை கேட்டது, அது அம்மாவா அவரா என்று தெரியவில்லை. அம்மா வெளியே வரும்போது அவர் வாசல் வரை வந்து, படி இறங்க அம்மாவுக்குக் கை கொடுத்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆட்டோவில் பாதி வழி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னம்மா பேசினீர்கள் என்று கேட்டேன்.

"அத உங்கிட்ட சொல்லணும்னு ஒண்ணும் இல்லமா," என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.